மூச்சுக்கு முறை

எழுபத்தெட்டாம் ஆண்டு, சிறுபோக நெல். விடியுமுன்னே வயலில் இறங்கிவிட்டோம். முதுகில் நஞ்சு தெளிக்கும் மெசின். ஒரு கை அதன் பிடியை ஓயாமல் ஆட்ட, மறு கையில் குழாய். மூதூரில் எங்கள் வயற்சொந்தக்காரர் போடியாரின் முப்பது ஏக்கரிலும் அறக்கொட்டிப் பூச்சி. மெசின் ஒழுகுகிறதென்று அவரிடம் ஒரு மாதமாகச் சொன்னோம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எட்டு மணிக்கு எங்களோடு தெளித்துக்கொண்டிருந்த றஊப் வரம்பில் குந்தினான். வாயில் நுரை தள்ளியது, மூச்சு இழுத்தது. தூக்கிக்கொண்டு திருகோணமலைக்குப் போகும் லாஞ்சிப் படகில் ஏறினோம். கடற்காற்றில் நடுங்கினான். நனைந்திருந்த அவன் சட்டையை இழுத்து மூடி, மேலே சாக்கும் போர்த்தினேன்.

ஆஸ்பத்திரியில் தாதி அந்தச் சட்டையைக் கத்திரியால் வெட்டி எறிந்தார். "நஞ்சு தோலாலயும் போகும். இதை வயலிலயே கழட்டிக் கழுவியிருக்க வேணும்."

நஞ்சைப் போர்த்தியவன் நான். இந்தக் கையை என்ன செய்வது?

டொக்டர் சளியை உறிஞ்சி எடுத்தார், ஊசிக்கு மேல் ஊசி போட்டார். ஆனாலும் நெஞ்சு அசையவில்லை. தொண்டைக்குள் குழாய் இறக்கி, அதில் ஒரு றப்பர்ப் பையைப் பூட்டினார்.

"மூச்சு குடுக்கிற மெசின் இங்க இல்லை. கையால அமத்த வேணும், ரெண்டு மூண்டு நாளைக்கு. எங்களிட்ட ஆள் காணாது."

"நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறம்," என்றேன்.

முறை வைத்து அமத்தினோம். நாலு எண்ணி ஒருதரம் அமத்தினால் நெஞ்சு எழும்பும். விட்டால் விழும். அடுத்த லாஞ்சியில் வந்து சேர்ந்த றஊப்பின் மனைவி பரீனா தலைமாட்டில் நின்று எண்ணினாள்.

மத்தியானம் போடியார் வாசலில் வந்து நின்றார். "ஒருத்தனுக்கு எட்டுப் பேர் என்னத்துக்கு? பயிர் சாகுது. வாங்கோ."

"இங்க மனிசன் சாகிறான், போடியார்."

"விதியை ஆரால தடுக்க ஏலும்?"

"விதி இல்லை, ஒழுகின மெசின். நல்ல மெசினும் கையுறையும் தராம இனி ஒருத்தரும் நஞ்சு அடிக்கமாட்டம்."

"அப்ப வேற ஆள் பிடிக்கிறன், இராசையா. பிறகு வேலை கேட்டு வராதை."

போய்விட்டார். பை என் கையில் இருந்தது; நான் நிமிரவில்லை. எண்ணிக்கை தவறிவிடும் என்று பயம்.

பின்னேரம் எங்கள் விரல்கள் மரத்துப்போயின. கடைசி லாஞ்சியில் பக்கத்து வயல் தாஹிரும் பதினொரு பேரும் வந்தார்கள்.

"போடியார் எங்களை நஞ்சு அடிக்கக் கூப்பிட்டவர். மெசினை அவரிட வீட்டு முத்தத்திலயே வைச்சிட்டு வந்தனாங்கள்," என்றான் தாஹிர். "றஊப்?"

"தானா மூச்சு இன்னும் இல்லை."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து பையை வாங்கினான். மற்றவர்கள் கதவுவரை வரிசையாக நின்றார்கள்.

"நாலு எண்ணி அமத்துங்க. பிந்த ஏலாது," என்றாள் பரீனா. "ஒண்டு. ரெண்டு. மூண்டு."

அவள் குரல் உடைந்தது.

"நாலு," என்றோம் எல்லோரும். தாஹிர் அமத்தினான்.