ஏரிக்கரை இறக்கம்

இஸ்திரி போட்ட சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நெடுமாறன் செல்போனை எடுத்து, மதியம் தான் வைத்த ஸ்டேட்டஸைத் தானே இன்னொரு முறை பார்த்தான். அவனுடைய சிவப்பு வண்டியின் முன்சக்கரம். புதிதாக மாட்டிய ஸ்போக் வீல் வெயிலில் பளபளத்தது. கம்பிகளுக்கு நடுவே டிஸ்க் பிரேக்கும் தெரிந்தது. அது தெரிய வேண்டும் என்றுதான் தரையில் படுத்துக் கோணம் பார்த்துப் படம் எடுத்திருந்தான். ‘வெள்ளக்காரன் தோத்தான்ணே’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

பிரேக்குக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் சின்ன நிப்பிள், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டியது, கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செஞ்சிக் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் எவனும் செய்யக் கூடாத தப்பு அது. காற்று மேலே ஏறும், எண்ணெய் கீழே இறங்கும். துளை கீழே இருந்தால் எண்ணெய்தான் ஒழுகும், காற்று மேலேயே குந்திக்கொண்டிருக்கும். முன்பக்கம் மாட்டினால் ஸ்டியரிங் ராடு இடிக்கிறது என்று கேலிப்பரைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தான். திருப்பினால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. நாலு நாளாகச் சரியாகத் தூங்காதவனுக்குக் கண் எதிரில் இருப்பதே தெரியவில்லை.

காலையில் மிதித்துப் பார்த்தபோது பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. இரண்டு முறை மிதித்ததும் இறுகியது. “புது பிரேக் பேடு, படிஞ்சா சரியாப் பூடும்” என்று சாவியைக் கொடுக்கும்போது மச்சினன் விமல்ராஜிடம் சொன்னதும் இதே வாய்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இறக்கத்துல நியூட்ரல்ல வுடுடா, கிளட்ச் தேயாது. அதான் இப்ப டிஸ்க் பிரேக் இருக்குதில்ல” என்றும் சொல்லியனுப்பினான். பெருமை யாரை விட்டது?

வெளிநாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் படத்தில் பார்த்துப் பார்த்து, ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல் ஃபைபரில் அவனே வார்த்த வண்டி அது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிறான். போன வைகாசியில் ஒரு ஊர்வலத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காமல் பேண்டு செட்காரர் முதுகில் போய் உரசியது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கே அவன் மனைவி கலைச்செல்வி சொல்லிவிட்டாள். “வண்டி அழகா இருந்தா போதுமா? நிக்க வாணாமா? பிரேக்க மாத்தாம என் தம்பி அதுல ஏறக் கூடாது.” அவள் சொன்னதற்காகத்தான் டிஸ்க் போட்டான். டிஸ்க் பெரிதாக இருந்ததால் பழைய சக்கரம் அதன் மேல் உட்காரவில்லை, அதனால் பெரிய ஸ்போக் வீல். பின்பக்கத்தைப் பிரித்தபோது கழற்றிய கைப்பிரேக் கேபிள் இன்னும் பட்டறை அலமாரியில்தான் கிடந்தது. கல்யாணம் முடிந்து வந்து மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

இன்றைக்கு மாப்பிள்ளை, கலைச்செல்வியின் பெரியம்மா மகன். ஊர்வலம் அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கோயிலில் கிளம்பி, ஏரிக்கரை மேல் வந்து, இறக்கத்தில் இறங்கி மண்டபத்துக்குப் போகும். வண்டிக்கு முன்னால் பிள்ளைகள் ஆடுவார்கள். அவன் மகள் மணிமொழி ஒரு வாரமாக அந்த ஆட்டத்தைத்தான் பழகிக்கொண்டிருந்தாள். “நைனா, நீ கரெக்டா வந்துடணும். நான்தான் ஃபர்ஸ்ட் லைன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

விமல்ராஜுக்குப் போன் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. கலைச்செல்விக்குப் போட்டான், எடுத்தாள். எடுத்ததும் பேண்டு சத்தம்தான் காதில் அறைந்தது.

“கலை, வண்டிய நிறுத்தச் சொல்லு! பிரேக்கு...”

“இன்னா? ஒண்ணும் கேக்கல! எங்க கீற? ஊர்வலம் கெளம்பிட்ச்சி, சீக்கிரம் வா!”

கத்தினான். அவள் வைத்துவிட்டாள்.

பைக்கை எடுக்கும்போது, என்ன நினைத்தானோ, பட்டறை மூலையில் கிடந்த மரக்கட்டையைத் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டான். மாசியில் ஊர்த் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவனும் ஒருவன். சாய்வாகச் செதுக்கிய வேலமரம். தேரையே நிறுத்தும் கட்டை, இந்த வண்டியை நிறுத்தாதா? அந்த நினைப்பைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை.

கூட்ரோட்டில் மேல்மலையனூர் பஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றது. ஹாரனை அழுத்தினான், யாரையோ திட்டினான், யாரோ அவனைத் திட்டினார்கள். ஊரைத் தாண்டியதும் வேட்டியை மடித்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு பைக்கை விரட்டினான். மனம் மட்டும் பைக்குக்கு முன்னால் ஓடியது. ஊர்வலத்தில் வண்டி நடந்துதான் வரும். டிரைவர் காலை பிரேக்கிலேயே வைத்திருப்பான். வைத்தால் சூடேறும். சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்தால் பெடல் தரையைத் தொடும். ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போவதுதான் கொடுமை. அங்காளம்மா, இன்னும் கோயில் வாசலிலேயே நிற்கட்டும், மாலை மாற்ற நேரமாகட்டும், எவனாவது மொய் விஷயத்தில் சண்டை போட்டு ஊர்வலத்தை நிறுத்தி வைக்கட்டும். கல்யாண வீட்டில் சண்டை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

சண்டை எதுவும் வரவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது சூரியன் ஏரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்வலம் கரை மேல் வந்து, வண்டியின் மூக்கு இறக்கத்தில் திரும்பிவிட்டது. வண்டி அழகாகத்தான் இருந்தது. சாமந்தி மாலை, பின்மேட்டில் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, மெதுவாகச் சுற்றும் ஸ்போக் வீல்கள். முன்னால் பத்தடியில் பிள்ளைகள். அவர்களுக்கும் முன்னால் பேண்டு செட். இரண்டு பக்கமும் கரைச் சரிவு, ஒதுங்க இடமில்லை.

பைக்கை அப்படியே சாய்த்துவிட்டுக் கட்டையோடு ஓடினான். “விமலு! கியரு போடு! கியர்ல போடுடா!” டிரம் சத்தம் அவன் குரலைத் தின்றுவிட்டது. விமல்ராஜ் அவனைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அடுத்த கணம் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. அவன் தோள் ஒருமுறை குலுங்கியது, மறுபடி குலுங்கியது. மிதிக்கிறான். குனிந்து கியர் கம்பியைப் பிடித்து இழுத்தான். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது, கியர் விழவில்லை. வண்டி நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறியது.

கட்டை போடுகிறவனுக்கு ஒரே விதிதான்: போட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். தேரில் அவன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. முன்சக்கரத்துக்கு நேராகப் பாய்ந்து கட்டையைத் தள்ளினான். டயர் அதன் மேல் ஏறி முனகியது. வண்டி குலுங்கி நின்றது. மாப்பிள்ளை முன்சீட்டின் மேல் கவிழ்ந்து விழுந்து, கண்ணாடியைத் தேடினான். கூட்டத்தில் யாரோ, “தேருக்குக் கட்ட போட்டாச்சு டோய்!” என்று கத்த, ஒரே சிரிப்பு. பேண்டுக்காரர்கள் அதை ஒரு உற்சாகமாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள்.

நெடுமாறன் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. தேர் ஓடுவது மண் வீதியில். இது புதுத் தார் ரோடு, அதன் மேல் முழுக்க வாரியிறைத்த பூ. கட்டை அவன் உள்ளங்கைக்குக் கீழே மெல்ல வழுக்கத் தொடங்கியிருந்தது. விமல்ராஜ் இன்னும் கியர் கம்பியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். முட்டியை ஊன்றினான் நெடுமாறன், தோளைக் கொடுத்தான். முகத்துக்கு நேரே, பளபளக்கும் கம்பிகளுக்கு நடுவில், அந்த நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

மணிமொழி திரும்பினாள். “நைனா!” என்று அவள் வாய் அசைவது தெரிந்தது. சொன்னபடி முதல் வரிசையில்தான் நின்றிருந்தாள்.

ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு மறு கையைத் தூக்கி வீசினான். போ. விலகு. ஓரமாகப் போ. மறுபடி வீசினான், நெஞ்சு வெடிக்க வீசினான்.

அவள் முகம் மலர்ந்தது. நைனாவும் ஆட வந்துவிட்டார். அவளும் கையைத் தூக்கி அதே மாதிரி வீசினாள். பக்கத்துப் பிள்ளைகள் அவளைப் பார்த்து வீசினார்கள். தாளத்துக்குச் சரியாக, போ, விலகு, போ, விலகு என்று வரிசை முழுக்கக் கைகள் ஏறி இறங்கின. பூவை நசுக்கிக்கொண்டு கட்டை இன்னொரு விரற்கடை நகர்ந்தது.