அசையாத கையில் ஓடிய கடிகாரம்

1

சென்ற மாதம் காய்ச்சலில் சில நாள் எழாமல் கிடந்தேன். தேறிப் பார்த்தால் கையிலிருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் லேசாக ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். “வாட்ச் நல்லாத்தான் சார் இருக்கு. நீங்கதான் அசையல.” அந்தப் பேச்சோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததில் பிறந்ததுதான் இந்தக் கதை.

இவ்வகைக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரைநிலா வடிவத்தில் ஒரு கனத்த தகடு, நடுவில் ஒரு அச்சு. கை அசைந்தால் தகடு சுழலும். அது பற்சக்கரங்களைத் தள்ள, அவை சுருட்டி வைத்த ஒரு வில்லை இறுக்கும். இறுகிய வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைத்தான் நாம் நேரம் என்று படிக்கிறோம். (இந்த வாக்கியம் அழகாக வந்துவிட்டதால் எனக்கே சந்தேகம். போகட்டும்.)

2

முதல் தொடக்கம்: “அவள் கடைப் படியேறும்போது மழை

வேண்டாம். கதையில் யாராவது எதையாவது விற்கக் கிளம்பினால் உடனே மழை பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது: “தங்கத்துக்கு ஞாபகம் உண்டு, ஏனென்றால்

ஏனென்று எனக்குத் தெரியாது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அவள் வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுப் பிழைப்பவள். அப்பாவோடு இருந்தாள். அவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவர். அவர் கையிலிருந்த, இதே வகைத் தங்கக் கடிகாரம் கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்டது. அம்மா போன பிறகும் அதைக் கழற்றவில்லை. பிறகு பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கடிகாரம் இருந்ததும் இடது கையில்தான்.

“பாத்தியா, ஓடுது,” என்பார். “கையில உசிரு இல்லாமலா ஓடும்?”

அசையாத கையில் அது எத்தனை நேரம் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் கடிகாரத்தை மெல்லக் கழற்றித் தன் வலது கையில் மாட்டிக்கொண்டு இஸ்திரி போடுவாள். கை போகும், வரும், தகடு சுழலும். அவர் விழிப்பதற்குள் திரும்பக் கட்டிவிடுவாள்.*

* வில்லைப் பக்கவாட்டிலுள்ள திருகைத் திருகியும் இறுக்கலாமே என்று கடிகாரம் தெரிந்த வாசகர் கேட்பார். இறுக்கலாம். அவளுக்குத் தெரியாது. “இதுக்குச் சாவியே கொடுக்க வேணாம்” என்று சின்ன வயதிலிருந்து அப்பா அடித்த பெருமை மண்டையில் ஏறிவிட்டது. திருகு முள்ளை நகர்த்த மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

3

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு வேலையை ஒருத்தி நாள் தவறாமல் செய்வாளா? எழுதியதை அடித்துவிட்டு, வெளியூரிலிருக்கும் அவள் அண்ணனை போனில் அவளோடு பேசவிட்டுப் பார்த்தேன்.

“அப்பா போயாச்சு. ஓடாத வாட்ச்ச வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? வித்துடு.”

“அவர் கையில ஓடுச்சுண்ணே. என் கைக்குத்தான் ஓட மாட்டேங்குது.”

“அப்ப உன்னைப் பிடிக்கலைன்னு அர்த்தம்,” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகு அவளை நம்பினேன். அப்பா இறந்த மறுநாள் கடிகாரம் நின்றது. அவள் அதைக் கட்டிக்கொண்டு எத்தனையோ மூட்டைத் துணி தேய்த்துவிட்டாள். அசையவில்லை. கடைசிவரை அவரை ஏமாற்றினோமே என்ற உறுத்தல் வேறு. கடிகாரம் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

4

பழைய கடிகாரம் வாங்குபவரை முதலில் ஏய்ப்பவராக எழுதினேன். சரியாக வரவில்லை. அவர் வேலையை ரசிப்பவர். ரசிப்பவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

“ஓடாதுங்க,” என்றாள் முன்கூட்டியே.

“விக்க வர்றவங்க ஓடும்னுதான்க்கா சொல்லுவாங்க. நீங்க பிழைக்கத் தெரியாதவங்க.” பேசிக்கொண்டே பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக் குனிந்தார். “தகடு அச்சோட இறுகிக் கிடக்கே. துருவைப் பாருங்க. இது சுத்தி வருஷக்கணக்காகுது.”

“இல்லையே. நான் தினமும் ஆட்டுவேன்.”

“நீங்க ரயிலு மாதிரி ஆட்டினாலும் இது சுத்தியிருக்காதுக்கா.” திருகை விரலால் தடவினார். “இங்க பாருங்க, வரியெல்லாம் தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிடுச்சு. இந்தத் திருகைத்தான் யாரோ விடாம முறுக்கியிருக்காங்க.”

நாலைந்து முறை திருகினார். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அப்பாவுக்கு வலது கை நன்றாக இருந்தது. எந்திரத்தோடு வாழ்ந்த மனுஷன்; தகடு நின்றதை அவர் அறியாமலா இருந்திருப்பார்? தூங்கியிருப்பாரா என்பதே இப்போது சந்தேகம். மகள் மெனக்கெடுவதைப் பார்த்து, அது வீண் என்று அவளுக்குத் தெரியாமலிருக்க, அவளில்லாத நேரத்தில் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார்.

5

முடிவு ஒன்று: அவள் விற்கிறாள். முடிவு இரண்டு: வீட்டுக்கு எடுத்துப் போகிறாள்.

இரண்டாவதை எழுதத்தான் கை பரபரத்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கட்டில் காலி. இஸ்திரிப் பெட்டி சூடாகிறது. காலையில் அவள் தானே திருகி, தானே காதில் வைத்துக் கேட்க வேண்டும். இந்த விளையாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும்.

முதலாவதை எழுதலாம் என்றால், அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

“வாங்கறவங்க தினமும் திருகுவாங்களா?”

“எதுக்குக்கா? தகட்டைப் புதுசு மாதிரி ஆக்கிடுவேன். கையை வீசி நடந்தா போதும்.” நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னார். பிறகு, “என்னக்கா, முடிச்சுடலாமா?” என்றார்.

எழுதியவன் நான். அவள் பக்கத்தில் நிற்க எனக்கு வழியில்லை. அண்ணனுக்கு போன் அடித்துப் பார்த்தாள், அவன் எடுக்கவில்லை. விற்கலாமா வேண்டாமா என்று கேட்க அவளுக்கு வேறு யாரும் கிடையாது. இவ்வளவு தூரம் அவளோடு வந்தது நீங்கள்தான். கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். ஏதாவது சொல்லுங்கள் அவளிடம்.