மூன்றாவது மனை

செம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே காலியிடம் எங்கே கிடந்தாலும் அது கடைசியில் ஜெயவேலு கைக்குத்தான் வந்து சேரும். வந்த வேகத்தில் விலைபோகவும் செய்யும். அதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார்.

வாங்க வருகிறவருக்கு மூன்று மனை காட்டுவார். முதல் மனையை, அந்தப் பக்கம் குப்பை லாரி போகிற நேரம் பார்த்துக் காட்டுவார். இரண்டாவதற்கு ராகு காலத்தில் கூட்டிக்கொண்டு போவார். அதை வேண்டாம் என்று சொல்கிற வேலையை வந்தவரின் மனைவியே பார்த்துக்கொள்வாள். மூன்றாவதுதான் அவர் விற்க நினைத்த மனை. உச்சி வெயிலில் அங்கே ஒரு மரத்தடியில் நிறுத்தி, கையில் இளநீரைத் திணிப்பார்.

"எளநி உறிஞ்சற வாயி வேணாம்னு சொல்லாது மச்சான்" என்பார் மனைவியின் தம்பி மாணிக்கவேலிடம். இளநீர்க்காரருக்குக் காசு கொடுப்பது விற்கிறவர் பொறுப்பு என்பது அதில் ஓர் உட்பிரிவு.

இந்த உபதேசத்தை அவர் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் செய்வார். மாணிக்கவேல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல வியப்பான். மகள் தமிழினி தட்டிலிருந்து தலையை எடுக்கமாட்டாள். பெண் காதில் எதுவும் ஏறுவதில்லை என்று ஜெயவேலுவுக்கு ஒரு மனக்குறை உண்டு.

அந்தத் தமிழினிக்குப் பிளஸ் டூ முடித்த கையோடு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தாம்பரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிற பழைய கல்லூரியில் புள்ளியியல். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அந்த இடம் அவளுடையது. நாலு மணி தாண்டினால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்கிறவருடையது.

ஜெயவேலுவுக்குப் பிடித்தது வண்டலூருக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரம் கண்ணாடியாக மின்னுகிற பல்கலைக்கழகம். காரணம் கல்வி என்று அவர்கூடச் சொல்லவில்லை. பங்காளி குமரவேல் போன வருஷம் தன் மகன் உதயாவை அங்கே சேர்த்துவிட்டு, கேம்ப் ரோடு முனையில் நாற்பதடிக்கு பிளெக்ஸ் வைத்திருந்தார். ஜெயவேலு அறுபதடிக்குச் சொல்லிவைத்துவிட்டார். படத்தில் அவர் பெரிதாகக் கும்பிட்டபடி நின்றார். மகள் ஒரு மூலையில், வட்டத்துக்குள் இருந்தாள். கல்லூரிப் பெயர் மட்டும்தான் பாக்கி.

இருந்தாலும் நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற வம்சம் தன்னுடையது இல்லை என்று அறிவித்தார். மூன்றையும் பார்க்க வேண்டும். பயணத் திட்டத்தைத் தானே போடுவதாகத் தமிழினி சொன்னபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. எந்தெந்தக் கல்லூரி அலுவலகம் எப்போது திறக்கும் என்று ஏதேதோ சொல்லி, மூன்றையும் வெள்ளிக்கிழமை ஒரே நாளில் அடக்கினாள். அவர் தன் பங்குக்கு வியாழக்கிழமை திருநீர்மலை ஏறி ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் காரின் முன் இருக்கையில் அமர்ந்தார். மாணிக்கவேல் வண்டி ஓட்டினான். பின்னால் மனைவி பொன்னியம்மாளும் தமிழினியும்.

காலை எட்டு மணிக்குக் கண்ணாடிப் பல்கலைக்கழகம். நெடுஞ்சாலையில் நெரிசல் என்று தமிழினி போனைப் பார்த்துச் சொல்லி, வண்டியைப் பின்பக்கச் சாலையில் விடச்சொன்னாள். பின்வாசலில் ஏழு தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்றன. கார் அவற்றுக்குப் பின்னால் எட்டாவதாக நின்றது. சேறு, டீசல் புகை, ஓட்டுநர்களின் பரஸ்பர விசாரிப்பு என்று இருபது நிமிடம் போயிற்று.

உள்ளே கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் ஓடிவந்து ஜெயவேலுவுக்குச் சால்வை போர்த்தினான். வெளிநாட்டு வாய்ப்புகளைப் பற்றி அரைமணி நேரம் ஆங்கிலத்தில் சொன்னான். ஜெயவேலு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போர் எத்தினி அடி போட்டுக்கீறீங்க?"

இளைஞன் அவரை நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினான். கை கழுவப் போன இடத்தில் சோப்பு நுரைக்கவில்லை. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார்; கரித்தது. ஆனாலும் தோளில் சால்வை இருந்தது. அதைக் கழற்றாமலே காரில் ஏறினார்.

அடுத்தது வேளச்சேரி சாலையில், ஆறு மாடிக் கட்டடம். கார் நின்றதும் பொன்னியம்மாள் போனில் மணி பார்த்தாள். பத்தே முக்கால்.

"ஏங்க, வெள்ளிக்கெழம பத்தரைலேந்து பன்னெண்டு இன்னா நேரம்?"

ஜெயவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வரை காத்திருக்கலாம் என்றார். பன்னிரண்டுக்கு ஆபீஸ் மூடிவிடும் என்று தமிழினி வருத்தத்தோடு தெரிவித்தாள். பொன்னியம்மாள் காரை விட்டு இறங்கவேயில்லை. பெற்ற பெண்ணின் படிப்பை ராகு காலத்திலா தொடங்குவது என்று கேட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள். இரண்டாவது கல்லூரி அதோடு முடிந்தது.

பழைய கல்லூரி வாசலுக்கு வரும்போது பன்னிரண்டே கால். கத்திரி முடிந்த செய்தி வெயிலுக்கு இன்னும் எட்டவில்லை. வாட்ச்மேன் காரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"காரு உள்ள வுட மாட்டாங்க சார். நடந்து போங்க."

ஜெயவேலு கண்ணாடியை இறக்கி, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"பேரண்ட்டு. அதோ அங்க நெழல்ல உக்காருங்க சார், கூப்புடுவாங்க."

ஜெயவேலு வாழ்க்கையில் தன்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் மேலே இலைகள் மூடிக்கொண்டன. சட்டைக் காலருக்குள் காற்று புகுந்தது. அந்த நிழலை மட்டும் அறுபது மனையாகப் பிரிக்கலாம் என்று அவர் மனம் பழக்கதோஷத்தில் ஒரு வரைபடம் போட்டது. வழியில் குழாயைத் திறந்து வாய் கொப்புளித்தார். கல்கண்டாக இருந்தது. மரங்களுக்கு நடுவே கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தார். ஜூன் மாதத்தில் இருபதடியில் தண்ணீர் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோட்டு இளைஞன் போனில் வந்தான். மதியச் சாப்பாடு தயார், துணைவேந்தரே உடன் உட்கார்ந்து சாப்பிடுவார், இன்றே வந்தால் மிகவும் நல்லது என்றான். ஜெயவேலுவின் முதுகு தானாக நிமிர்ந்தது. துணைவேந்தரோடு இலை போட்டு உட்கார்ந்ததாகக் குமரவேல் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம் என்றார். வண்டலூர் நெரிசலில் போனால் நாலு மணிக்குள் திரும்பமுடியாது என்று எல்லாருக்கும் தெரியும். மாணிக்கவேல் சாவியை எடுத்துவிட்டான்.

தமிழினி முகம் வெளுத்திருந்தது. வேகமாக வாசல் பக்கம் போனாள். திரும்பி வந்து, அப்பா கையில் எதையோ கொடுத்தாள். வெயிலில் நடந்த தாகம். அவரும் யோசிக்காமல் வாயில் வைத்து உறிஞ்சினார். இனித்தது. பாதி உள்ளே போனபிறகுதான் கையில் இருப்பது இளநீர் என்பது உறைத்தது.

ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். வேப்ப மரம். மணியைப் பார்த்தார். உச்சி வேளை. காலையில் லாரி, அதற்குப் பிறகு ராகு காலம். கடைசியாக மகளைப் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ பேர் இப்படி ஒரு மரத்தடியில் நின்று தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது. கோபம் வருகிறதா என்று காத்துப் பார்த்தார். வருவதற்குள் இன்னொரு வாய் இளநீர் உள்ளே போயிற்று.

"எளநிக்கு யாரு காசு குட்த்தது?"

"விக்கறவங்கதான் குடுக்கணும்னு நீதானப்பா சொல்லுவ."

ஜெயவேலு வழுக்கையைச் சுரண்டித் தின்று முடித்தார். பிறகு சால்வையை மடித்து மாணிக்கவேலிடம் கொடுத்துவிட்டு, பேனா இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். அவளிடம் இரண்டு இருந்தன. அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்றே கால். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும் பிளெக்ஸ்காரன் அழைத்தான். கல்லூரிப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டவன், பின்னால் கண்ணாடிக் கட்டடம் போட்டு வேலையை முடித்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அத்த எடுத்துட்டு மரம் போடு" என்றார் ஜெயவேலு. கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்ணை வட்டத்திலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று அவன் கேட்டான். தன் அளவுக்குப் போடச் சொன்னார். அதற்கு மேல் இறங்க அவருக்கு மனம் வரவில்லை.

காரில் ஏறும்போது மாணிக்கவேல் கேட்டான்: "ஏன் மாமா, மொதல்லயே இங்க வந்துருந்தா நேரம் மிச்சமாயிருக்குமே?"

ஜெயவேலு பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல வந்துருந்தா வாங்கியிருக்க மாட்டேன்டா மச்சான்."