படித்துறைப் பெண் திரும்பும் வேகம்

பம்பளிமாஸ் பெட்டியின் பக்கவாட்டில், எடை போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே, எறும்பு வரிசை போல ஒரு வரி உண்டு. 'ஓவியம்: கோ பி-யுன்.' பதினெட்டு வருடங்களாக விவசாயிகள் சங்கத்தின் பழப் பெட்டிகளுக்கு நான்தான் படம் வரைகிறேன். அந்த வரியை ஒருவர் படித்துவிட்டு, சங்கத்தில் கெஞ்சி என் எண்ணை வாங்கி, என்னை அழைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"கோ அக்காங்களா? என் பேரு ஃபான் ஜன்-யூ. பல் செட் செய்யற ஆளு, இங்க தாய்ச்சுங்லதான். 'ஏழு படித்துறை' கணினி விளையாட்டுக்குப் படம் வரைஞ்சது நீங்கதானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு வருஷமா தேடறேன்க்கா. அதுல ஒரு சந்தேகம். நிரல் எழுதின தெங் சூ-லான் அக்காவைக் கேட்டேன். ஒரே ஒரு வரி பதில் போட்டாங்க. 'வேகத்தை வரைஞ்சவகிட்ட கேளுங்க'ன்னு."

அந்தப் பெயரை முப்பது வருடங்களாக யாரும் என் காதருகே உச்சரித்ததில்லை. அடுப்பை அணைத்தேன்.

"எந்த இடத்து வேகம்?"

"கடைசிப் படித்துறை. படகு போனப்புறம் அந்தப் பொண்ணு படியேறிப் போவாளே, நின்னு திரும்பிப் பாக்கற இடம்."

"அவ திரும்ப மாட்டா. அந்தப் படங்களை வெட்டி எறிஞ்சுட்டாங்க."

"திரும்பறாளேக்கா" என்றார் அவர்.

தலைநகர் தாய்பேயில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் ஏழு பேர் சேர்ந்து அந்த விளையாட்டைச் செய்தோம். எனக்கும் சூ-லானுக்கும் அப்போது இருபத்து நான்கு வயது. அவள் நிரல் எழுதினாள், நான் ஒவ்வொரு புள்ளியாகப் படம் வைத்தேன். பக்கத்துப் பக்கத்து மேசை. மதியச் சோற்றுப் பெட்டியில் என் முட்டையை அவள் எடுத்துக்கொள்வாள், அவளுடைய ஊறுகாய் முள்ளங்கி எனக்கு. கடைசிப் படித்துறைப் பெண்ணை நான் பதினொரு படங்களாக வரைந்திருந்தேன். திரையின் பாதி உயரத்துக்கு அவள். மூன்றாவது படியில் நிற்பாள். திரும்புவாள். கையசைக்க வலது கை எழும்பும்; தோள் வரை வந்து நின்றுவிடும்; பிறகு, அசைக்காமலே இறங்கும். அவ்வளவுதான். அந்தக் கை நிற்கும் இரண்டு படங்களுக்காக ஒரு மாதம் உழைத்தேன்.

நான்கு டிஸ்குகளுக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அட்டைப்பெட்டியில் நான்குக்குத்தான் குழி. ஒரு மாலை சூ-லான் நாற்காலியைத் திருப்பினாள். "இன்னும் நாப்பது கிலோபைட் இடிக்குது. உன் பொண்ணை நாலு படமா குறைச்சுக்கயேன்டி."

"உன் கைவிரலை வேணா நாலா குறைச்சுக்க" என்றேன். அன்று இரண்டு பேருமே நிறையப் பேசிவிட்டோம்.

பிரதி எடுக்க அனுப்புவதற்கு முந்தைய நாள் முதலாளி தான் புதிதாக வாங்கிய கணினியில் விளையாட்டை ஓட்டிக் காட்டினார். எல்லோரும் அவர் பின்னால் நின்றோம். படகு போனது. பெண் படியேறினாள். திரை கறுத்தது. அவள் திரும்பவில்லை. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தேநீர்க் குவளையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். சூ-லான் என் விடுதிக்கு இரண்டு முறை தொலைபேசி செய்தாள். காவலாளி கூப்பிட்டும் நான் கீழே இறங்கவில்லை.

அதற்குப் பிறகு என்னுள் எது நடந்தாலும் அந்தக் கறுத்த திரை ஓரமாக இருந்தது. என்னை யாராவது நெருங்கி வந்தால், இவள் எதை வெட்டுவாள் என்று யோசிப்பேன். அப்படி யோசிப்பதை அறிவு என்று நினைத்திருந்தேன். இப்போது யாரோ ஒரு பல்காரர் 'திரும்பறாளே' என்கிறார். திரும்பினால் நான் யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் மதியம் கிளம்பினேன்.

ஸ்கூட்டர்கள் நிறைந்த நடைபாதை ஓரம் ஒரு நீள அறை. அலமாரியெங்கும் சாந்தில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு. ஜன்-யூவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், மூக்கு நுனியில் வெள்ளைத் தூள். எதிர் மேசையில் அவர் மனைவி லீ-சுன் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. ஊரெல்லாம் பல்லுக்காக வாயைத் திறந்துகிட்டு காத்திருக்கு. இவரு பொம்மைக்கு வேகம் பாக்கறாரு."

"பொம்மைன்னு சொல்லாதே."

"சரி, ரெண்டாவது பொண்டாட்டி."

அவர் தாடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கைக்கருவியை எடுத்தார். சோப்புக் கட்டியளவு. மஞ்சள் பிளாஸ்டிக், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய திரை. அதற்குள் எமுலேட்டர் என்று ஒன்று ஓடுகிறது. தன்னைப் பழைய டாஸ் கணினி என்று அந்தக் கால விளையாட்டுகளை நம்பவைக்கும் நிரல். இந்த மலிவுக் கருவியில் எந்தப் பழைய விளையாட்டு எந்த வேக எண்ணில் சரியாக ஓடும் என்று இவர் பட்டியல் போடுகிறார். முந்நூறு விளையாட்டுகள் முடிந்துவிட்டன. அதைப் படிக்கவும் சண்டை போடவும் ஒரு கூட்டம் இருக்கிறது.

"இது ரொம்ப நோஞ்சான் கருவிக்கா. முழு மூச்சு விட்டாலும் வேக எண் மூவாயிரத்தைத் தாண்டாது. சின்ன வயசுல எங்க மாமா வீட்ல நான் ஆடினது நல்ல வேகமான கணினி. அதுல இந்தப் பொண்ணு திரும்பினதே இல்லை. இதுல போட்டா திரும்பறா. கூட்டத்துல பாதிப் பேர், கருவி திணறுது, பழுதுன்னாங்க."

"காட்டுங்க" என்றேன்.

திரை சிறியதாக இருந்ததால் லீ-சுன் தன் உருப்பெருக்கி விளக்கை வளைத்து என் பக்கம் தள்ளினாள். பல்லின் விரிசல் பார்க்கும் கண்ணாடி. அதன் வட்டத்துக்குள் ஆறு ஓடியது. படகு போனது. என் பெண் படியேறினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நின்றாள். திரும்பினாள். கை எழும்பியது.

எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. பதினொன்றும் இருந்தன. ஆறாவது படத்தில் சுண்டுவிரல் மட்டும் ஒரு புள்ளி விலகி நிற்கும். அந்தப் புள்ளியை நான் வைத்ததையே மறந்திருந்தேன். அது அங்கே இருந்தது.

"இன்னொரு தடவை."

நான்கு முறை பார்த்தேன். பிறகுதான் கேட்க முடிந்தது. "அப்ப அன்னைக்கு ஏன் தெரியல?"

"ரெண்டு படத்துக்கு நடுவுல கொஞ்சம் காத்திருக்கணும் இல்லையா? அதுக்கு சூ-லான் அக்கா கடிகாரத்தைப் பாக்கச் சொல்லல. கணினியை ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க. அந்தக் காலத்துல நிறையப் பேரு செஞ்ச தப்பு. அவங்க மெதுவான கணினியில எழுதியிருக்காங்க, அது நிதானமா எண்ணும். வேகமான கணினி கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எண்ணிடும். பதினோரு படமும் ஓடிடும். உங்க கண்ணுல விழாது."

சூ-லானின் கணினி அலுவலகத்திலேயே பழையது. முதலாளியுடையது அன்று காலை வந்தது. என் பெண் என் கண்ணெதிரில்தான் திரும்பியிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

"சரியான வேகம் எதுன்னு சொல்லுங்கக்கா." அவர் எண்ணைக் குறைத்தார், கூட்டினார். மூவாயிரத்தில் அவள் எதையோ மறந்து வந்தவள் போலத் திரும்பினாள். இரண்டாயிரத்தில் நீருக்கடியில் நடப்பவள் போல.

"கொஞ்சம் கூட்டுங்க... இன்னும்... அதுதான். நிறுத்துங்க."

"ரெண்டாயிரத்து எழுநூறு" என்று குறித்துக்கொண்டார். "எப்படிச் சொல்றீங்க?"

அப்போதுதான் என் விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அந்தத் தட்டு என்னுடையதல்ல. நான் வரையும்போது சூ-லான் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் தட்டுவாள், ஒரு படத்துக்கு ஒரு தட்டு. 'இவ்ளோ போதுமா? இவ்ளோவா?' இத்தனை வருடமும் அவள்மேல் இருந்த கோபத்தோடு அந்தத் தட்டையும் வைத்திருந்திருக்கிறேன்.

"இன்னொரு சந்தேகம்" என்றார் ஜன்-யூ தயங்கி. "இந்த இடத்துல மட்டும் சத்தமே இல்லைக்கா. ஒலி அமைப்பை எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். நிரல் இங்க வந்ததும் ஒரு கோப்பைத் தேடுது. இல்லைன்னதும் சும்மா தாண்டிப் போயிடுது. நாலு டிஸ்க்லயும் அந்தப் பேர்ல ஒண்ணும் கிடையாது."

"என்ன பேரு?"

"மழை."

கீலுங்கில் சூ-லானின் வீட்டுக்குத் தகரக் கூரை. அந்தத் துறைமுக ஊரில் மழை நின்றால்தான் செய்தி. டேப் ரெக்கார்டரைப் பரண்மேல் வைத்து, அம்மாவை இருமக்கூடாது என்று அதட்டி, ஒரு ஞாயிறு முழுக்க அவள் மழையைப் பதிவு செய்தாள். அதில் ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்துக் கணினிக்குள் ஏற்றினாள். ஓட்டிக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். 'உன் பொண்ணு நனையணும்ல?'

"அஞ்சு நொடிச் சத்தம் எவ்வளவு இடம் பிடிக்கும்?"

"அந்தக் காலக் கணக்குல, நாப்பது கிலோபைட் வரும்."

லீ-சுன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று சூ-லானுக்கு இடித்ததும் அதே நாற்பது. அன்று முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு முழு நிமிடம் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மழை இல்லாததை நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூடக் கவனிக்கவில்லை. என்னுடையது எங்கே என்று மட்டுமே தேடியிருக்கிறேன்.

"அவ நம்பர் இருக்கா?" என்றேன்.

நடைபாதைக்கு வந்து இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று அழைத்தேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

"பி-யுன்."

அவள் பக்கம் எங்கோ கிரேனின் எச்சரிக்கை மணி ஒலித்து ஓய்ந்தது. "அந்தப் பொண்ணு திரும்பிட்டாளா?" என்றாள்.

"திரும்பிட்டா."

"எத்தனையில?"

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"ம். என் ஓட்டைக் கணினி அவ்வளவுதான் இருக்கும்." குரல் தடித்திருந்தது, அவசரம் மட்டும் அப்படியே இருந்தது. "அன்னைக்கு நானும்தான் உன் பக்கத்துல நின்னு பாத்தேன். கண்ணுக்குத் தெரியாமலே ஓடிட்டா. வீட்டுக்குப் போய் எண்ணறதை எடுத்துட்டுக் கடிகாரத்தைப் போட்டேன். காலையில டிஸ்கோட வந்தா உன் மேசை காலி. முதலாளியும் பழசையே பிரதி எடுக்க அனுப்பிட்டாரு."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை போன் பண்ணினேன்டி, எருமை. மூணாவது தடவை பண்ண எனக்கும் ரோஷம் விடல. நீ மட்டும்தான் இருபத்து நாலு வயசா?"

ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியில் என் வாய் தெரிந்தது. கோணியிருந்தது.

"சூ-லான், நான்..."

"மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சே, வச்சிடுவேன். நான் துறைமுகத்துல டியூட்டில இருக்கேன்."

"மழையை ஏன் எடுத்தே?"

"அதையாவது கேட்டியே" என்றாள். பிறகு, "ஒண்ணு போகணும். உன் பொண்ணு நல்லா இருந்தா. மழை எங்க ஊர்ல தினம் பெய்யுது, இன்னொரு நாள் பிடிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"டேப் இருக்கா?"

"பூஞ்சை பிடிச்சு அப்பவே போச்சு."

"கூரை?"

"அம்மா போனப்புறம் வீட்டை இடிச்சுக் கட்டிட்டோம். பின்னாடி கொல்லையில மட்டும் அந்தப் பழைய தகரம். துணி காயப் போட."

"இப்ப பெய்யுதா?"

அவள் சிரித்தாள். மூக்கால் சிரிக்கும் அதே சிரிப்பு. "இன்னைக்குன்னு பாத்து வெயில். ரெண்டு வாரமா ஒரு பொட்டு கிடையாது, துறைமுகமே ஆச்சரியப்படுது. வியாழக்கிழமை வருதுங்கறான் வானிலைக்காரன்."

"வியாழக்கிழமை காலை ரயிலுக்கு வரேன்."

"வா. வரலைன்னாலும் மழை வரும்." வைக்கப் போனவள் மறுபடி பேசினாள். "அந்தப் பெட்டியில இருக்கற முயல் நீ வரைஞ்சதா? பம்பளிமாஸ் பெட்டி. அதோட காது ஒண்ணு பெருசா இருக்கு."

"வேணும்னுதான் வரைஞ்சேன்."

"சும்மா சொல்லாதே" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே போனபோது ஜன்-யூ பட்டியலில் விரலை வைத்துக் காத்திருந்தார். "ரெண்டாயிரத்து எழுநூறு, இந்தக் காட்சியில சத்தம் கிடையாதுன்னு போட்டுடட்டுமாக்கா?"

"வேணாம். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. அஞ்சு நொடிச் சத்தத்தை அந்தப் பேர்ல உள்ள வச்சா, நிரல் எடுத்துக்குமா?"

அவர் கண்கள் விரிந்தன. "முப்பது வருஷமா அதைத்தானேக்கா தேடிக்கிட்டிருக்கு. எடுத்துக்கும்."

"அப்ப இதைக் கொடுங்க. கீலுங் வரைக்கும் கொண்டுபோகணும்."

அவர் மஞ்சள் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முந்நூறு விளையாட்டும் அதில்தான் என்றார். கீழே விழுந்தால் திரை போய்விடும் என்றார். ரயிலில் மறந்துவிட்டால் என்றார்.

"கொடுத்தனுப்புங்க" என்றாள் லீ-சுன், விளக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே. "அதுவரைக்குமாவது ஊர்ல நாலு பேருக்குப் பல்லு கிடைக்கட்டும்."