மறுத்த கோவை

நான்கு நாட்களாக இதே தலையிடி. எங்கள் பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையில் இனிமேல் கணினியே பார்த்துச் சொல்லுமாம், எந்தப் பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கலாம், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் குறைகிறது என்று. திங்கட்கிழமை அதை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் பழைய மாணவர்களின் கோவைகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கையால் பார்த்து நாங்கள் கொடுத்த முடிவும் கணினியின் முடிவும் ஒன்றாக வர வேண்டும். இருபது வருடம் கையால் பார்த்தவள் இந்த அஸீமாதானே, பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்து, நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, கண் இரண்டும் எரிந்தன.

வியாழன் பின்னேரம் ஒரு கோவை இடித்தது. லதுஷா, பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. புள்ளிவிபரவியல் செய்யவில்லை என்று ஆறு வருடத்துக்கு முன் நான் பட்டத்தை மறுத்திருந்தேன். கணினியோ தகுதி உண்டு என்றது. இந்த லட்சணத்துக்கா இத்தனை ஆரவாரம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. கணினிக்கு விதிகளை எழுதிய கௌசிகனைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதிய விதி பிழை என்றேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டான், அவ எந்த வருசம் சேர்ந்தவ அக்கா என்று.

கோவையின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தகப்பன் மௌத்தாகி இல்லாமல் போன வருடம் அவள் லீவு எடுத்து, அடுத்த வருடத்து அணியோடு முடித்தவள். நான் அந்த அணியின் பாட விதிகள் உள்ள கைந்நூலை வைத்துப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பொருந்துவதோ சேர்ந்த வருடத்துக் கைந்நூல். அதில் புள்ளிவிபரவியலுக்குப் பதிலாகக் களப்பயிற்சி போதும். அதை அவள் செய்து நல்ல புள்ளியும் எடுத்திருந்தாள்.

கௌசிகன் குரலைத் தாழ்த்தினான்.

"இதை எடுத்துப்போட்டு வேற கோவை ஒண்டு வைப்பம் அக்கா. ஆருக்கும் தெரியாது."

என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். ஒரு நிமிடம் எனக்கும் அது நல்லதாகவே பட்டது. அவ்வளவு களைப்பு, ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான். பிறகு என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. சோதனைத் தாளில் கணினி சரி, கையால் பார்த்தது பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோவையில் இருந்த லதுஷாவின் நம்பருக்கு உடனே எடுத்தேன், அப்போது விட்டால் பிறகு எடுக்கமாட்டேன் என்று தெரியும்.

அவளே பேசினாள். கண்டியில் ஒரு பிடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாளாம். பட்டம் அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும், பிழை என்னுடையது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். 

"தெரியும் மிஸ். அந்தப் பழைய புத்தகத்த எடுத்துக்கிட்டு ரெண்டு வாட்டி வந்தேன். பக்கத்தக்கூட விரிச்சுக் காட்டுனேன். சாப்பாட்டு நேரம்னு நீங்கதான் கவுண்டர மூடிட்டீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கண்ணை மூடி அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எத்தனையோ மதியங்கள், எத்தனையோ பிள்ளைகள். வரவில்லை.