மிஸ்ஸிங்னு சொல்லாதே

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றைக்காவது ஒரு நாள் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். என் வண்டி தினமும் நின்றது. அதுவும் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தின் மேல், காலை எட்டு மணிக்கு, ஊரே வேலைக்கு ஓடுகிற நேரத்தில். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனிலேயே என் வம்சத்தைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

நான் வரதன், டாக்ஸி ஓட்டுகிறவன். ஊரப்பாக்கத்தில் ஏழு பத்துக்கு கோதை டீச்சரையும் ரெஜினா டீச்சரையும் ஏற்றி, செங்கல்பட்டில் ரூத் டீச்சரையும் சேர்த்துக்கொண்டு, செய்யூர் பக்கத்தில் உள்ள அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் ஒன்பதுக்குள் இறக்க வேண்டும். ஒன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. மூன்று பேரில் மூத்தவர் கோதை டீச்சர். அவருக்கு எல்லாமே குறை. சீட் குத்தும், கண்ணாடி ஏறாது, பெட்ரோல் வாடை வரும். மெக்கானிக்கிடம் போகாமல் நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

அதன்பிறகுதான் இந்தப் பீடை பிடித்தது. பாலத்தை நெருங்கும்போது வண்டி இழுவை இல்லாமல் இரண்டு தடவை உதறும், பிறகு படுத்துவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மதுராந்தகம் தாண்டி இன்னொரு தடவை படுக்கும்.

ஜெபசிங்கிடம் கொண்டுபோனேன். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஷெட் போட்டிருக்கிறான். பதினாலு வருஷமாக என் வண்டியைப் பார்க்கிறவன். ரூத் டீச்சரின் புருஷன்.

"இன்னா அண்ணாத்த?"

"மிஸ்ஸிங் அடிக்குது ஜெபா."

"வண்டில எதனா கைய வெச்சியா?"

"நானா? தொட்டதே கெடயாது."

மிஸ்ஸிங் என்றால் இன்ஜின் விட்டுவிட்டு எரிவது; அதற்குக் காரணம் பிளக், இல்லாவிட்டால் பிளக் ஒயர். இரண்டையும் மாற்றினான். மறுநாள் பாலத்தில் நின்றது. காயிலை மாற்றினான். நின்றது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பைபாஸ் ஓரமாகக் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஒருவனிடம் போனேன். அவனிடமும் மிஸ்ஸிங் என்றுதான் சொன்னேன். அவன் ஒரு ஒயரைச் சொருகி, திரையைப் பார்த்து, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றான். ஒரு கோளாறும் இல்லாத வண்டி அடுத்த நாளும் அதே பாலத்தில் நின்றது.

நானும் சும்மா இல்லை, ஆராய்ச்சி செய்தேன். செங்கல்பட்டு பங்க்கில் பெட்ரோல் போட்ட நாட்களில் மட்டும் பாலத்தைத் தாண்டிவிடுகிறது. சரி, மற்ற பங்க்கில் எல்லாம் கலப்படம் என்று முடிவு கட்டினேன். அங்கேயே டேங்க்கை நிரப்பினேன். அன்றைக்குத் தப்பித்தது. டேங்க்கில் அதே பெட்ரோல் இருக்கும்போதே அடுத்த நாள் நின்றது. அன்றைக்கு நான் டயரை உதைத்து, கால் வீங்கியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை கோதை டீச்சர் வண்டியிலிருந்து இறங்கினார். பாலத்தின் மேல் புடவைத் தலைப்பு காற்றில் பறக்க நின்றுகொண்டு சொன்னார்.

"வரதன், இந்த மாசம் எனக்கு ரெண்டு அரை நாள் லீவு போயிடுச்சு. திங்கக்கிழமை ஒரு நாள் பாப்போம். அன்னிக்கும் நின்னா வேற வண்டிதான், பேசி வெச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

ரெஜினா டீச்சர் ஆற்று மணலைப் பார்த்தார். ரூத் டீச்சர் தன் கைப்பையைப் பார்த்தார். ஒன்பது வருஷம்.

அவர்களை இறக்கிவிட்டதும் போனை எடுத்தேன். 'செய்யூர் வண்டி' என்று எங்கள் நாலு பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் பேசி அனுப்பினேன்: "டீச்சர், என் மேல தப்பு இல்ல. ஜெபசிங் என்னை ஏமாத்திகினு கீறான். பழைய பிளக்கையே தொடச்சு மாட்டியிருப்பான் திருட்டுப்பய."

அனுப்பிய பிறகுதான் அந்த நாலு பேரில் ரூத் டீச்சரும் ஒருவர் என்பது உறைத்தது. அழிப்பதற்குள் மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள். சாயங்காலம் ரூத் டீச்சர் வழக்கம்போல ஏறினார், வழக்கம்போல இறங்கினார். "வரேன் அண்ணா" என்பதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுக்க வேறு மெக்கானிக் தேடினேன், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விழுங்கிவிட்டு, ஜெபசிங் போகிற சர்ச் வாசலில் போய் நின்றேன். வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"ஓட்டு. நிக்கிற வரிக்கும் ஓட்டு."

ஞாயிறு ஜிஎஸ்டி ரோட்டில் நகர முடியாது என்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் திருப்பினேன். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இந்த மிஸ்ஸிங்கு..."

"அந்த வார்த்தைய சொல்லாத அண்ணாத்த. நீ மிஸ்ஸிங்குன்னு சொன்ன, நான் மிஸ்ஸிங்குக்கு வேல பாத்தேன். நோவுக்கு நீயே பேரு வெச்சிகினு வந்தா நான் இன்னா பண்றது? நடந்தத மட்டும் சொல்லு."

சொன்னேன். இழுவை குறைவது, உதறுவது, பத்து நிமிஷம், மதுராந்தகம். கலப்படத்தையும் சொன்னேன். அவன் கையை உயர்த்தினான்.

"இரு. பங்க்குல போட்ட அன்னிக்கு மட்டும் பாலம் தாண்டிச்சா?"

"ஆமா."

"பெட்ரோல் போட்டதால இல்ல. மூடிய தொறந்ததால."

எனக்குப் புரியவில்லை. பூஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி உதற ஆரம்பித்தது. ஓரம் கட்டுவதற்குள் படுத்துவிட்டது. சாவியைத் திருகப் போன என் கையை ஜெபசிங் தடுத்தான்.

"எதையும் தொடாத. எறங்கி வந்து கேளு."

பெட்ரோல் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடியில் தகரம் டொக்கென்று நிமிர்ந்தது.

"இப்போ ஸ்டார்ட் பண்ணு."

முதல் திருகிலேயே பிடித்தது. பத்து நிமிஷமாவது ஒன்றாவது.

"பெட்ரோல் கொறய கொறய அந்த எடத்துக்குக் காத்து வரணும். மூடில குண்டூசி கணக்கா ஒரு ஓட்ட இருக்கும். அது அடச்சிகினா உள்ள காத்தே இல்லாம பெட்ரோலு இன்ஜினுக்கு ஏறாது" என்றபடி மூடியைக் கவிழ்த்தான்.

உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில், ஓட்டை அடைக்கிற எம்சீல் பசை அப்பியிருந்தது. கல்லாக இறுகிப்போன எம்சீல். அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை பளிச்சென்று பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

கோதை டீச்சருக்குப் பெட்ரோல் வாடை வருகிறது என்று, ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, அழுத்தித் தேய்த்து, 'ஒரு சொட்டு வாடை வராது டீச்சர்' என்று பீற்றிக்கொண்டது நான்தான். அதை வேலை என்று நான் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. மூடி எப்படி வண்டியாகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பாலத்தை, பங்க்கை, பெட்ரோலை எல்லாம் கோணல் என்றேன். கடைசியில் ஒரு மனிதனையே திருடன் என்றேன்.

"கைய காட்டு அண்ணாத்த."

காட்டினேன். போன வருஷம் ஜாக்கி நழுவி வெட்டிய கட்டைவிரல். அவனே அவன் ஷெட்டில் வைத்துத் துணி சுற்றிவிட்ட விரல். மூடியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வண்டியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரால் எம்சீலைப் பெயர்த்தான். தூக்கிப் போடாமல் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தான். "மூடிக்கு வாஷர் போயிட்டுது. அதான் வாடை. புதுசு மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, எதிரிலிருந்த டீக்கடைக்கு நடந்தான். அந்த வாய்ஸ் மெசேஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போனை எடுத்தேன். "டீச்சர், வண்டி சரியாயிடுச்சு" என்று பேசினேன். அவ்வளவு போதும். திங்கட்கிழமை வண்டி ஓடும், என் பிழைப்பும் ஓடும். அனுப்பப் போனபோது கையில் இருந்த துண்டு உறுத்தியது. அழித்தேன். மறுபடி மைக்கை அழுத்தினேன்.

"டீச்சர், வண்டிய கெடுத்தது நான்தான். மூடி ஓட்டைய நானே அடச்சிட்டு ஜெபசிங்கைத் திருட்டுப்பயன்னு சொன்னேன். அவுரு மேல ஒரு தப்பும் இல்ல. கண்டுபிடிச்சது அவுருதான். என்னை மன்னிச்சிடுங்க ரூத் டீச்சர்."

முதலில் கோதை டீச்சர் போட்டார்: 'திங்கள் ஏழு பத்து. தாமதம் வேண்டாம்.'

ஜெபசிங் இரண்டு கையிலும் டீயோடு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தான். அப்போது ரூத் டீச்சரிடமிருந்து பதில் வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு கட்டைவிரல் மட்டும் இருந்தது.