கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோனது. லிபின் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கினான்.

அடுத்த அறையில் அம்மா இருதயம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று விடியக்காலையில் நெஞ்சுவலி. பீர்மேடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது. இன்று மூன்று மணிக்கு அடக்கம்.

"அம்மா அங்க கெடக்கா, நீ பெட்டிய நோண்டிக்கிட்டு இருக்க. வெக்கமா இல்லயா ஒனக்கு?" தங்கை ஜோமோள் வாசலில் நின்று அழுதாள்.

"படம் இதுலதான் இருக்கு ஜோமோளே."

சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க வேறு படம் ஏது? போனை நீட்டினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிற ஆள் அம்மா. ஆதாரில் ஒன்று உண்டு. "போலீசு புடிச்ச மாதிரி இருக்கேன். நான் செத்தா இத மட்டும் வச்சிராதீங்கடா" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். நல்ல படம் என்றால் லிபின் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது மட்டும்தான். அதை இந்தக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு பெங்களூருக்குப் போனவன், ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

தகடு கழன்றது. ப்ராசஸர் மேலிருக்கும் கூலரின் விசிறியே கண்ணில் படவில்லை. அவ்வளவு கறுப்பு நூல் சுற்றிக் கிடந்தது.

அப்பா சுவக்கீன் எட்டிப் பார்த்தார். "ஒங்கம்மா வேலதான்லே. காலையில ஜெபப்பாட்டு போட்டுட்டு கம்பளிய எடுத்து மூடிருவா. பனிமஞ்சு எறங்குது, உள்ள நனஞ்சிரும்னு சொல்லுவா."

"ஓடுறப்பவேயா?"

"பின்ன? ஓடுறப்பதான குளிரும்னுவா!"

தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு எஸ்டேட்டில் கொடுக்கிற கறுப்புக் கம்பளி. சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் அதற்குள்தான் தூங்குவார்கள். காலையில் இரண்டு பேர் தலையிலிருந்தும் அம்மா நூல் பொறுக்குவாள், திட்டிக்கொண்டே.

ஜோமோள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். ஒவ்வொரு நூலாகக் கிளறி எடுத்தான். விரலால் தள்ளியதும் விசிறி சுற்றியது. பட்டனை அழுத்தினான். ஒரு துள்ளு துள்ளி நின்றது, பிறகு ஓடத் தொடங்கியது.

உடனே படத்தைத் தேடவில்லை. நடுவில் அணைந்து தொலைத்தால் உள்ளதும் போகலாம். திரையில் சூட்டின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு தொண்ணூற்றேழைத் தொட்டதும் அணைந்தது. இப்போது எழுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து. பின்பக்கம் கையை வைத்தான், வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பத்து நிமிஷம் ஆகியும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"சரியாயிருச்சாலே?"

"ஆச்சுப்பா."

படம் திறந்தது. வீட்டார் நான்கு பேரும் அதில் நின்றார்கள். டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரிஜினுக்கு அனுப்பினான். கால்மணி நேரத்தில் ரிஜின் கூப்பிட்டான்.

"அம்மாவ மட்டும் தனியா வெட்டியாச்சுடா. தோள்ல ஒரு கை மட்டும் நிக்கிது. அழிச்சிரவா?"

லிபின் திரையில் திறந்திருந்த படத்தை மறுபடி பார்த்தான்.

"யாரு கைடா அது?" என்றான் ரிஜின்.

"என் கைதான். இருக்கட்டும், விடு."

மூன்று மணிக்கு, சவப்பெட்டியை ஏற்றிய ஜீப்பின் முன்னால் படத்தைக் கட்டினார்கள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், தோளில் அந்தக் கையோடு.